ஒரு கட்டத்துக்கு நாலு பேர்

அந்தச் சாவுச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே டைப் அடித்தேன்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள், சாவு போஸ்டர் எல்லாம் இந்தக் கையால்தான் வரும். போன மாதம் ஒரு காலையில் பிரஸ் திறந்த சூட்டோடு ஒருவர் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும்க்கா. ஊரு எம். புதுப்பட்டி. சாயங்காலம் எடுக்கிறோம், அதுக்குள்ள ஒட்டணும்" என்றார். சாவு போஸ்டருக்கு வருகிறவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்றேன். "காளிராஜ். தெய்வத்திரு பேச்சியம்மாள் மகன்னு போடுங்க." அடித்தேன். எங்கள் பக்கம் காளிராஜ்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. பேச்சியம்மாள் என்பதை மட்டும் இதற்கு முன் எங்கோ அடித்த மாதிரி இருந்தது. அதுவும் ஊர் ஊருக்கு இருக்கிற பெயர்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் தன் போனிலிருந்து போட்டோவை அனுப்பினார். திரையில் திறந்தது நம்முடைய காளிராஜின் முகம்.

"நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. நான் தங்கச்சி மாப்பிள்ளை" என்றார் அவர். எனக்கு அவனைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. போட்டோவின் பின்னணியை வெட்டி எடுத்தேன், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன், பிழை பார்த்தேன், பிளேட்டுக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் குழாயடிக்குப் போய் அழுதேன். அன்றோடு நானும் அவனும் பேசிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அவனை நேரில் பார்த்ததில்லை. படத்தின் மூலையில் 'கா.ரா.' என்ற கையெழுத்தைத்தான் தெரியும். எந்தப் பத்திரிகையிலும் வேலைக்குப் போகாமல், தானே கதை எழுதி, தானே வரைந்து, எங்கள் பிரஸ்ஸில் அச்சடித்து, உங்களுக்குத் தபாலில் அனுப்பிய காமிக்ஸ்காரன் அவன். வயிற்றுப்பாட்டுக்குப் பட்டாசுப் பெட்டிகளுக்கு மயிலும் புலியும் போட்டான். பட்டாசுக் கம்பெனிச் சுவர்களில் எச்சரிக்கைப் படங்கள் எழுதினான். அவன் காமிக்ஸ்களுக்கு எழுத்து அமைத்தது நான். இறந்தவரை 'அவர்' என்று எழுதுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். என்னைவிட எட்டு வயது இளையவன், என் வாயில் ஏலே என்றுதான் அவனுக்குப் பெயர். இனிமேல் அவர் என்றால் அவனே சிரிப்பான்.

சினிமாவைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்க வேண்டும். ஆகாயக் கப்பல், வேற்றுக்கிரகம் என்று எந்தப் படம் தமிழில் பேசிக்கொண்டு வந்தாலும் முதல் நாளே போய்விடுவான். ஒரு விடுமுறையில் பிரஸ் ஆட்கள் எல்லோரும் பகல் காட்சிக்குப் போனோம். கடைசியில் ஒரு பெரிய கப்பல் வெடித்துச் சிதறியது. கொட்டகையில் விசில் காதைப் பிளந்தது, நானும்தான் கை தட்டினேன். பக்கத்தில் திரும்பினால் இவன் உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். வெளியே டீக்கடையில் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தலே எண்ணுன?"

"உள்ள எம்புட்டுப் பேரு இருந்திருப்பாகன்னுதான்க்கா. சோறாக்குறவுக, பாத்திரம் கழுவுறவுக, கதவுக்கு எண்ணெய் விடுறவுக. அம்புட்டுப் பெரிய கப்பலு, ஆள் இல்லாமயா ஓடும்?"

"வில்லன் கப்பல்லே அது."

"வில்லன் ஒருத்தன்தானக்கா. ஆகாயத்துல சத்தம் கேக்காது, இவுக கேக்க வக்கிறாகன்னு எல்லாரும் குத்தம் சொல்றாக. அது போனாப் போகுது. வெடிச்ச பெறகு ஒருத்தராச்சும் ஓடியாந்து பேரச் சொல்லிக் கூப்பிடுறாகளா? அதான் எனக்குப் பிடிக்கல."

அன்றைக்கே லேபிள் கழிவுத்தாளின் பின்பக்கத்தில் அந்தக் கப்பலில் இருந்தவர்களை வரைந்தான். தட்டுக் கழுவுகிற ஒரு கிழவர், ஷிப்ட் மாறக் காத்திருக்கிற ஒரு பெண், ஒவ்வொருவர் கீழும் ஒரு பெயர். அவனுடைய சினிமா விமர்சனம் என்று நீங்கள் போனில் பார்த்ததெல்லாம் இப்படி வந்தவைதான். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவன் ஒரு வரி எழுதியதில்லை.

வேறு குறைகளும் வைத்திருந்தான். வேற்றுக்கிரகத்துக்காரன் எப்போது பார்த்தாலும் பெரிய பட்டணத்திலேயே இறங்குகிறானாம். "விருதுநகர்ல இறங்குனா எண்ணெய்ப் பரோட்டாவாச்சும் திம்பான்ல" என்பான். கப்பல்களில் கதவெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து திறப்பது அவனுக்கு ஆகவே ஆகாது. "கரண்டு போனா என்ன செய்வாக? கதவுன்னா வெளிய பாத்துத் தொறக்கணும்க்கா. கையால தள்ளுனாப் போதும், ஆளு வெளிய வந்துரணும்." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான்.

நான் ஆமத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் காடு கரை இருந்தது, ஒருவரும் பட்டாசுக்குப் போனதில்லை. கம்பெனிகளில் ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளி இருக்கும், சுவரில் எத்தனை ஆள் என்று எழுதியிருக்கும், நாலு என்றால் நாலு பேர்தான் உட்காரலாம் என்பதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அந்த எண் எனக்கு வெறும் எண்.

காளிராஜ் எந்தக் கதையிலும் ஒரு கட்டத்துக்குள் நாலு பேருக்கு மேல் வரைய மாட்டான். சந்தை என்றாலும் நாலு பேர், ராஜா தர்பார் என்றாலும் நாலு பேர். "கூட்டம் போட வராதுன்னு ஒத்துக்கிடுலே" என்று சீண்டுவேன். "எனக்கு லைசென்ஸ் நாலு பேருக்குத்தான்க்கா" என்பான். நல்ல நையாண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுடைய பெரிய வேலை 'அந்தரக் கம்பெனி'. மூன்று வருடம் வரைந்தான். ஆகாயத்தில் மிதக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனி அது. அறைகள் தள்ளித் தள்ளி மிதக்கும், நடுவில் கயிற்று ஏணி, தொட்டியில் வேப்பமரம், ஒவ்வொரு கதவுக்கு மேலும் 'ஆள் 4'. இதைப் பூமியிலேயே வரைந்தால் என்ன என்று கேட்டேன். "பூமியில வரஞ்சா எந்தக் கம்பெனின்னு கேப்பாக. ஆகாயத்துல ஒருத்தரும் கேக்க மாட்டாகள்ல" என்றான்.

இனி சொல்லப்போவது நான் செய்தது.

அந்தப் புத்தகம் முப்பத்து மூன்று பக்கம் வந்தது. எங்கள் கணக்கில் ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம், இரண்டு ஃபாரத்துக்கு முப்பத்திரண்டு. ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. காலண்டர் சீசன் நேரம். இரண்டு லோடுக்கு நடுவில் அரை நாள் மெஷின் சும்மா இருக்கிறது, இப்போது ஏற்றினால்தான் உண்டு என்று மெஷின்காரர் கத்துகிறார். காளிராஜ் அன்றைக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனிக்குள் எச்சரிக்கைப் படம் எழுதிக்கொண்டிருந்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பத்துத் தடவை அடித்தேன், எடுக்க ஆளில்லை.

புத்தகத்தின் இருபத்தொன்று, இருபத்திரண்டு பக்கங்கள் இரண்டும் முழுப்பக்கப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை. முதல் அறையில் நாலு பேர் திரி சுற்றுகிறார்கள், அடுத்ததில் மூன்று பேர். படத்துக்கு அடியில் அவர்கள் பெயர்கள். பேச்சு ஒன்றும் கிடையாது, கதையும் நகரவில்லை. நான் இரண்டையும் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் இரண்டு சுவர்கள் இடித்துக்கொண்டு நின்றன. அவற்றை அழித்தேன். கதவுகளும் அதோடு போயின. ஏழு பெயர்களையும் ஒரே வரியில் திருப்பி அடித்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம்கூட வந்தது, மறைக்க மாட்டேன்.

புத்தகக் கட்டு வந்ததும் பிரஸ் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து புரட்டினான். முகமெல்லாம் பல். இருபத்தோராம் பக்கத்தில் கை நின்றது. ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினான்.

"அக்கா, சுவரு எங்க?"

"ஒரு பக்கம் கூடிருச்சுலே. ரெண்டையும் சேத்துட்டேன். கதை ஒண்ணும் கெடலல்ல?"

"ஏழு பேரு இருக்காகளேக்கா. ஏழு பேர ஒரே ரூம்புல வச்சிட்டீகளே."

"இருந்தா என்ன இப்போ? படத்துக்குள்ள மருந்தா இருக்கு வெடிக்கிறதுக்கு?"

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. சொல்லிவிட்டு நான்தான் சிரித்தேன். அவன் புத்தகத்தை மூடினான். நாற்பது பிரதியை எண்ணி எடுத்துக்கொண்டு, "மிச்சம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டான். அதன் பிறகு எங்கள் பிரஸ் படி ஏறவில்லை. வரைகிறவனுக்கு இம்புட்டு வீம்பு ஆகாது என்று நானும் விறைத்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியது நான்தான். உங்களில் பலர் பாராட்டி எழுதினீர்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரே ஒரு முறை அவனைப் பார்த்தேன். ஆமத்தூர் விலக்கு ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்கம் அவன். என்னைப் பார்த்துக் கையைப் பாதி தூக்கினான். நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். திரையில் ஒன்றுமே இல்லை. பஸ் ஏறியபின் திரும்பிப் பார்த்தபோதும் அவன் அங்கேயே நின்றான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் எம். புதுப்பட்டிக்குப் போனேன். அவன் தங்கை முத்துமாரி என்னைப் பார்த்ததும், "பிரஸ் அக்காவா? வாங்க, அங்கனயே நிக்கிறீக. அண்ணன் உங்களப் பத்திச் சொல்லும்" என்றாள். காப்பி கொடுத்தாள். என்ன சொல்லுவான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியை இழுத்து முன்னால் வைத்தாள். உள்ளே அந்த நாற்பது பிரதிகள். மேலே இருந்ததை எடுத்து இருபத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. தூரிகையால் வரைந்த சுவர், காரை உதிர்ந்த இடம்கூட விடாமல். ஐந்தாவது ஆளின் பக்கம் ஒரு கதவு, திறந்தபடி. அடுத்த பிரதியை எடுத்தேன், அதிலும் சுவர். அதற்கடுத்ததிலும். அடியில் கிடந்த சிலதில் மட்டும் இன்னும் போடவில்லை.

"இது என்னம்மா?"

"அது எங்கம்மா வேலை பாத்த ரூம்புதான்க்கா" என்றாள் முத்துமாரி. "நாலு பேருக்குத்தான் லைசென்ஸாம். தீவாளி சீசன்னு ஏழு பேர உக்கார வச்சிருந்தாக. வெடிச்ச பெறகு நாலு பேருதான் இருந்தாகன்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாக. எங்கம்மா வேலைக்கே வரலைன்னு சொன்னாக. அண்ணன் அப்போ ஒம்பதாவது படிச்சுச்சு. கேட்டுல நின்னு அம்மா பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுச்சாம், தொண்டை கட்டுற வரைக்கும்."

படத்துக்குக் கீழே நான் அடித்த வரியைப் பார்த்தேன். சீனியம்மாள், ராமர், குருவம்மாள், மாரியப்பன், பேச்சியம்மாள், சோலைராஜ், காளீஸ்வரி.

"பக்கத்துலயே அம்மாவுக்குத் தனி ரூம்பு கட்டிக் குடுத்துட்டேன் முத்து, கதவு வச்சுன்னு அண்ணன் சொல்லும்" என்றாள். "அந்தப் பொஸ்தகம் வரைஞ்சதே அதுக்குத்தான்க்கா."

அந்தச் சுவரை இடித்தவள் நான் என்று அவளிடம் சொன்னேன். வேறு எதையும் இந்த ஜென்மத்தில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணன் அப்படிச் சொல்லலையே. பிரஸ்ல எடம் பத்தலைன்னுதான் சொல்லுச்சு" என்றாள். சின்னதுலயே அம்மா தவறிட்டாக என்று அவன் ஒரு முறை சொல்லியிருக்கிறான். எப்படி என்று நான் கேட்டதில்லை. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சுவரில் கை வைத்திருப்பேனா?

முத்துமாரி அவன் தூரிகையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். சுவர் போடாத பிரதிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது மட்டும்தான். அதில் கோடு போட மாட்டேன். நான் செய்தது அப்படியே என் கண்ணெதிரில் இருக்கட்டும்.

பிரஸ்ஸில் விற்காமல் கிடக்கும் பிரதிகளுக்கு இப்போது தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவர் போட்டுவருகிறேன். ஸ்கேல் வைத்துப் போட்டாலும் அவன் கை வரவில்லை. பரவாயில்லை, சுவர் நின்றால் போதும்.

மற்றவை உங்கள் வீடுகளில் இருக்கின்றன. எடுங்கள். இருபத்தோராம் பக்கம். கீழே இருக்கிற ஏழு பெயர்களையும் ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். பிறகு பேனாவால் மாரியப்பனுக்கும் பேச்சியம்மாளுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போடுங்கள். பேச்சியம்மாளின் பக்கத்தில் ஒரு கதவு வையுங்கள். அது வெளியே பார்த்துத் திறக்க வேண்டும்.