ஊதுபத்தியால் தேடிய காற்று

எங்கள் மகள் குறித்த நாளுக்கு ஏழு கிழமை முந்திப் பிறந்துவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கம், குளிர் இறங்கத் தொடங்கிய மாதம். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு சின்ன உடம்புக்குள் ஒரு நெஞ்சு எப்படித்தான் அடிக்கிறதோ என்று நினைப்பேன். ஒருவழியாக நிறை ஏறியது. வீட்டில் அறை சூடாக இருக்கிறதா என்று நேர்ஸ் வந்து பார்ப்பார், அவர் சரியென்றால்தான் பிள்ளையைத் தருவோம் என்றார்கள்.

ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு நூறு வயது தாண்டியது. முன்னறையில் ஒரு பழைய காஸ் ஹீற்றர். எவ்வளவு எரித்தாலும் முழங்காலுக்குக் கீழே விறைக்கும். எந்த வழியால் குளிர் வருகிறது என்று தெரியாமல் நான் வீட்டையும் வீட்டுக்காரனையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன்.

வழியைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியவள், "இஞ்சேருங்கோ, புகை எங்க போகுதெண்டு பாருங்கோ" என்றாள். புகை மேலே போகவில்லை. பக்கவாட்டில் படுத்து ஓடியது.

கோயில் பக்கமே போகாத நான், அந்த ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு முழங்காலில் அறையைச் சுற்றி வந்தேன். யன்னல் சட்டத்தடியில் புகை துள்ளியது. பலகை இடுக்கில் நடுங்கியது. சாவித் துவாரத்தில் சுழன்று விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்று என் முன்னால் நடந்து திரிந்தது. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. வாழ்நாளில் நான் பக்தியோடு ஊதுபத்தி பிடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு நாள் வேறு வேலை இல்லை. யன்னல் இடுக்குகளில் பஞ்சு நாடா ஒட்டினேன். கண்ணாடிக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டி விறைப்பாக்கினேன். பழைய காற்சட்டைக் காலுக்குள் கந்தல் அடைத்துக் கதவடியில் போட்டேன். யன்னல் திரைக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தைத்துத் தொங்கவிட்டாள் மனைவி.

மிஞ்சியது சுவரில் சல்லடைபோல் ஓட்டைகளோடு இருந்த ஒரு சின்னத் தகடு. குளிர் அதற்குள்ளால் கொட்டியது.

"அது ஏதோ தேவைக்குத்தான் வச்சிருப்பாங்கள். விடுங்கோப்பா" என்றாள்.

"உனக்கென்ன விசரே? ஊரில வெக்கை போகச் சுவரில ஓட்டை வைக்கிறது. இந்தக் குளிருக்குள்ள ஆருக்கு வெக்கை?" என்றேன். அவளுடைய பழைய சீலையொன்றை மடித்து அதற்குள் அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். ஊதுபத்திப் புகை நூல் பிடித்த மாதிரி நேரே எழுந்து நின்றது. உலகத்தையே வென்ற பெருமை எனக்கு.

மறுநாள் மனைவிக்குத் தலையிடி. நித்திரை குறைவு என்றேன். எனக்கும்தான் இடித்தது, சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் நேர்ஸ் வந்தார். அறைச் சூட்டை அளந்து பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பிறகு ஹீற்றரைப் பார்த்தார். நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்தது. சுவரில் இருந்த டேப்பைப் பார்த்தார். உடனே ஹீற்றரை நிறுத்தி, என் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து யன்னலைத் திறந்து, சீலையை இழுத்து வெளியே எடுத்தார்.

"தலை வலிக்கிறதா?" என்று கேட்டார். மனைவி ஓம் என்று தலையசைத்தாள்.

காஸ் எரியக் காற்று வேண்டும், அது இல்லாவிட்டால் மணமே இல்லாத நச்சுப் புகை அறையில் நிறையும், தூங்கிய பிள்ளை எழும்பாது என்றார். அவர் குரல் உயரவில்லை. கத்தித் திட்டியிருந்தாலே மேல் என்றிருந்தது எனக்கு.

காஸ்காரர் வந்து ஹீற்றரைத் துப்பரவாக்கி, நேர்ஸ் மறுபடி வந்து பார்த்த பிறகுதான் மகள் வீட்டுக்கு வந்தாள். தகடு திறந்தே இருந்தது. அதனால் வந்த குளிருக்குப் பிள்ளைக்குத் தொப்பி போட்டு, என் சேர்ட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைக்க ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்திருந்தார்கள். யன்னலுக்கும் கதவுக்கும் நான் அவ்வளவு செய்தும், அந்த அறையில் என் நெஞ்சைவிடச் சூடான இடம் இருக்கவில்லை.

மகள் என் கழுத்தடியில் மூச்சுவிட்டாள். எறும்பு ஊருகிற அளவுக்கு ஒரு மூச்சு. இது எங்கிருந்து வருகிறது, யார் சொல்லிக் கொடுத்தது என்று அதிசயித்துக்கொண்டே இருந்தேன். அந்த மூச்சை நிறுத்தக்கூடிய வேலையைத்தான், அவள் மேல் உள்ள ஆசையில், நான் இரண்டு நாள் முழங்காலில் நின்று செய்திருந்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள். "மூச்சு விடுறாளோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவள் கையை எடுத்து, பிள்ளையின் மூச்சுப் படுகிற என் கழுத்தடியில் வைத்தேன்.