வீதியின் பெயர் மட்டும்

போன வருஷம் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தேன். ஊரில் எது ஆரம்பித்தாலும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஹிந்தி வகுப்பிலும் சேர்ந்தேன், ஹிந்தி எதிர்ப்புக் கூட்டத்துக்கும் போனேன், இரண்டும் ஒரே மாதத்தில்.

அப்போதுதான் காலேஜில் என்னோடு படித்த நண்பன் மதராஸிலிருந்து ஒரு யோசனையோடு திரும்பினான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், ஓவியங்களை மாட்டிவைத்து ஒரு படக்கூடம் திறந்தான். சனிக்கிழமை காலைகளில் மனசு சரியில்லாதவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து படம் பார்க்கலாம். பார்த்ததைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். தோன்றினால் வரையலாம்.

"வைத்தியம்னு யார்கிட்டயும் சொல்லாதே. பேர் கேட்க மாட்டோம். வரைஞ்சது பீரோவை விட்டு வெளியே போகாது" என்றான்.

எனக்கு உடனே அக்காவின் நினைவு வந்தது. கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை பதினெட்டாம் நாள் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் பேசவில்லை. அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, தை பிறந்ததும் அழைத்துப் போவதாகச் சொல்லிப் போனார். வடக்குச் சித்திரை வீதியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அப்பா, "மஞ்சக்காமாலை" என்றார். நாலாவது வீட்டு மாமி தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனுப்பினாள். அக்கா அதையும் பேசாமல் குடித்தாள்.

உறையூர் நாச்சியாரைச் சேவிக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவளைப் படக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு சனிக்கிழமையும் ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படித்துறை, தண்ணீர், ஒரு படகு. மூன்றாவது வாரம் வாயைத் திறந்தாள்.

"அந்தப் படகுல துடுப்பே இல்லையேடா."

மூன்று மாதத்துக்கு அப்புறம் கேட்ட குரல். துள்ளி எழப்போன என்னை நண்பன் தூரத்திலிருந்து கையமர்த்தினான்.

"வரைஞ்சவர் மறந்துட்டார் போலிருக்கு" என்றேன், சாதாரணமாகப் பேசுவது போல.

"மறக்கலை. வேண்டாம்னு விட்டிருக்கார்."

அதற்கப்புறம் வரைய ஆரம்பித்தாள். உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு தூளி, உள்ளே ஒன்றுமில்லை. வாராவாரம் அதையே திரும்ப வரைவாள், தூளியின் நீல நிறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசுவாள். "ஃபுட்போர்டுல நிக்காதேன்னா கேக்கறியா? விழுந்து தொலைஞ்சா அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" அந்தத் திட்டுக்காகவே ஃபுட்போர்டில் நிற்பேன்.

நண்பன் ஒருநாள், "உங்கக்கா எப்படி மாறினாங்கன்னு எழுதிக் குடுடா. எனக்கு மட்டும்தான். உன் கை எழுத்துக்குன்னே பொறந்த கை" என்றான். அது போதாதா எனக்கு? ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். பதினெட்டு நாள், மஞ்சக்காமாலைப் பொய், தூளி, எல்லாம் வந்தது. முதல் வரியிலேயே வீதியையும் போட்டேன். அது இல்லாமல் எழுத்தில் உயிர் வரவில்லை.

மார்கழியில் படக்கூடத்தில் ஒரு கண்காட்சி விழா. நண்பன் எங்கள் இருவரையும் அழைத்திருந்தான். அக்கா தானாகவே பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மாடி ஏறினால் எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய தூளி. பக்கத்தில் என் மூன்று பக்கமும் டைப் அடித்து ஒட்டியிருந்தது. கீழே ஒரு அட்டை: 'ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிப் பெண் ஒருவர் வரைந்தது.'

நண்பனை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பேர் போடலையேடா. வீதிதானே போட்டிருக்கு" என்றான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அவன் மன்னார்புரத்துக்காரன். அங்கே தெருப் பெயர் தபால்காரருக்கு மட்டும். ஸ்ரீரங்கத்தில் யாரும் பெயரைக் கேட்பதில்லை. எந்த வீதி, யாராத்துப் பொண்ணு, இந்த இரண்டு கேள்வியில் ஜாதகமே வெளியே வந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியவன் நான்.

நாலாவது வீட்டு மாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் நடக்கும் எந்த விழாவையும் அவள் விடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்ற அக்காவைப் பார்த்து, "நம்ம வீதின்னு போட்டிருக்கேடி. யாராத்துப் பொண்ணு இது?" என்றாள்.

"நான்தான் மாமி."

"உனக்குக் காமாலைன்னாரே உங்கப்பா."

"கீழாநெல்லி நன்னா கேட்டுது மாமி" என்றாள் அக்கா.

திரும்பும்போது பஸ்ஸில் ஃபுட்போர்டை விட்டு நான் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். திருவானைக்காவலில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகு கேட்டாள்.

"அந்த மூணு பக்கமும் நீ எழுதினதுதானே?"

"அவனுக்கு மட்டும்னு சொன்னான்க்கா."

"உனக்கு மட்டும்னு நான் சொல்லியிருக்கணும். உன்கிட்ட அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணலை."

தை பிறந்தது. அதற்குள் விஷயம் வீதி முழுக்கப் பரவிக் கும்பகோணத்துக்கும் போயிருந்தது. அத்திம்பேர் வரவில்லை, கார்டு வந்தது. 'இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.' அப்பா அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நண்பனிடம் போய்ச் சண்டை போட்டேன். "படிச்சவங்க எத்தனை பேர் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க தெரியுமா?" என்றான். அதற்கப்புறம் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"படம் பாக்க."

"அவன் அப்படிப் பண்ணினதுக்கு அப்புறமுமா?"

"அவன் யாரோ எவனோ. படம் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே."

செருப்பைத் தேடினேன்.

"நீ வேண்டாம்" என்றாள்.

அன்றே தூளிப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வாராவாரம் தனியாகத்தான் போய்வருகிறாள். இப்போது என்ன வரைகிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரிடமும் பேசுகிறாள். என்னிடம் சாப்பிட வா என்பதோடு சரி.

போன வாரம் நான் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போவதை பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.