பேட்டையில் இறங்கிய கண்ணாடி வாளை

விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் நல்ல பருமன். வாயோரம் இரண்டு பக்கமும் தொங்குகிற மீசை. தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதனிடம் குனிந்து, "பைய, பைய" என்றார்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "வெறுந்தண்ணிய எங்கவே கொண்டு போறீரு?"

"நல்லாப் பாரும். உள்ள மீனு கெடக்கு."

நானும் எட்டிப் பார்த்தேன். முதலில் இரண்டு மீசை தெரிந்தது, பிறகு ஒரு முள். சுற்றி உடம்பு இருப்பதாக நம்பத்தான் வேண்டும்.

"கண்ணாடி வாளை. நம்ம ஆத்து வாளைக்குச் சொந்தம்," என்றார். "செதிலு கெடையாது. முதுகுத் துடுப்பு பேருக்குத்தான். அடித்துடுப்பு மட்டும் வாலு வர ஓடும்."

"வளக்கவா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தினார். "இனி ஒரு மீனு வீட்டுக்குள்ள வந்தா தொட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருவேன்னுட்டா வீட்டுக்காரி. அதான், கண்ணுக்குத் தெரியாததா வாங்கிட்டேன்."

பேட்டையில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே காய்கறிப் பையோடு அவர் மனைவி. அந்த அம்மாள் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஒத்தையாவா வாங்கியாந்திய? இது கூட்டமா இருக்குத மீனுல்லா! தனியாக் கெடந்தா ஏங்கியே செத்துரும். போயி இன்னும் நாலஞ்சு வாங்கிட்டு வாங்க."

தொட்டியைத் தெருவில் எறிவேன் என்றது இந்த அம்மாள்தானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பஸ் கிளம்பியபோது அண்ணாச்சி மீன் கடைக்குத் திரும்பிப் போக எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்று சிரிப்பை மறைக்கப் பார்த்தார். அத்தனை பெரிய மீசையைத் தாண்டியும் அது பளிச்சென்று தெரிந்தது.