தூங்கவிடாத பஸ்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பம்மலிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில், ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தூங்கவிடாமல் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன்.

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்து வந்தான். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் காது கேட்காமல் போக வாய்ப்பு அதிகம், டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டிலோ, குக்கர் விசிலுக்கும் அசையாமல் தூங்குகிற சமர்த்துப் பிள்ளை என்று கொஞ்சினார்கள். நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன் என்று சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த டெஸ்ட்டைத் தூங்கும்போதுதான் எடுப்பார்கள், தலையில் ஒயர் ஒட்டி. இவனோ அதற்கு முன் போன இரண்டு முறையும் பஸ்ஸிலேயே தூங்கித் தீர்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான். "அடுத்த மாசம் பார்த்துக்கலாமே" என்றார் கணவர். முடியாது என்றேன். குறை இருந்தால், ஆறு மாதத்துக்குள் காதில் மெஷின் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும் என்றிருந்தார்கள். தனியாகவே கிளம்பிவிட்டேன்.

பல்லாவரம் தாண்டியதும் இவனுக்குக் கண் சொருகியது. உள்ளங்காலைச் சுரண்டினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். வீறிட்டான். பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா நீ, பெத்தவதானா? தூங்குற கொயந்தைய இந்தப் பாடு படுத்துற!"

"இவனுக்குக் காது கேட்குதான்னு டெஸ்ட் இருக்கும்மா. அங்க போய்தான் தூங்கணும்" என்றேன். வெளியாட்களிடம் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. அழுகை வந்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், உதவுகிற ஆசையில் சட்டென்று விசிலை ஊதினார். டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழுது ஓய்ந்து மறுபடி கண் சொருகியிருந்த இவன் மட்டும் அசையவில்லை. கண்டக்டர் முகம் சுண்டிப்போனது.

அந்த அம்மாதான் முதலில் தேறினார். குழந்தையை வாங்கி மடியில் நிமிர்த்திக்கொண்டு கண்டக்டரை அதட்டினார். "விசில வுட்டுட்டு மூஞ்சிய காட்டு நைனா!"

தானே கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டினார். இவன் விழித்துப் பார்த்தான். அப்புறம் தாம்பரம் வரை ஆளாளுக்கு முறை வைத்துக்கொண்டு முகத்தைக் கோணிக் காட்டினார்கள். டிக்கெட் கொடுக்கும் இடைவெளியில் கண்டக்டரும் வந்து நாக்கை நீட்டிவிட்டுப் போனார். இறங்கும்போது பிள்ளை மேலெல்லாம் மீன் வாடை. ஆனால் முழித்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் பால் குடித்ததும் தூங்கிப்போனான், டெஸ்ட் முடிந்தது. இரண்டு காதிலும் குறை. அன்று முழுக்க அழுதேன். ஆனால் அந்த மாதமே மெஷின் போட்டோம், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. இப்போது மூன்றரை வயது. போன வாரம் பஸ்ஸில் விசில் சத்தம் கேட்டுத் திரும்பியவன், "இன்னொரு தடவ ஊதுங்க" என்று கண்டக்டரிடம் கேட்டான்.

காது கேட்காத பிள்ளைக்கு முதலில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று எந்த டாக்டருக்கும் முன்னால் எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாவை, தாம்பரத்தில் மீன் கூடையைக் கண்டாலே இன்றும் என் கண் தேடுகிறது.