இது எந்தப் படம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் ஒருவர் சாக்சபோன் வாசித்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, பெரிய பூப்போட்ட சட்டை. பழைய சினிமாப் பாட்டொன்றைத் தொடங்குவார். ஆட்கள் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு வேறொரு மெட்டுக்குள் நழுவிவிடுவார். பலர் நகர்ந்துவிடுவார்கள். உடனே சினிமாப் பாட்டுக்குத் திரும்புவார்.

"நடுவுல வர்றது என்ன பாட்டு அண்ணே?" என்று கேட்டேன்.

"அது என்னோடது. தனியா வாசிச்சா யாரும் நிக்க மாட்டாங்க லா."

மறுபடி அந்த மெட்டு வந்தபோது, வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்கு அங்கிள். இது எந்தப் படம்?"

"இன்னும் எடுக்கல மா" என்று சிரித்தார். பிறகு அதையே முதலிலிருந்து வாசித்தார், சினிமாப் பாட்டே கலக்காமல்.

அந்தச் சிரிப்பு சந்தோஷமா, வருத்தமா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.