பலகைக்குப் பின்னே மண்

ஸ்டெஃப்கா தன் அம்மா வீட்டை இடிக்கிறாளாம். மாதா கோயில் நிலவறையில் பிரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ சொன்னது, எட்மண்டனில் இருக்கும் அண்ணன் மெட்ரோவின் காதுக்குப் போய்ச் சேர நான்கு நாள்கூட ஆகவில்லை.

அவள் இடிக்கவில்லை, உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதில், கையில் கடப்பாரையோடு.

தாத்தா உக்ரைனிலிருந்து வந்து சஸ்காச்சுவான் புல்வெளியில் எழுப்பிய மரக்கட்டை வீடு அது. கட்டைமேல் களிமண் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு. மெட்ரோவை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "மண்வீட்டுப் பிள்ளை" என்று ஆசிரியை சிரித்த வருடம், அம்மா சுற்றிலும் பலகை அடித்து மூடிவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் மண் என்ற பேச்சே இல்லை.

மெட்ரோ நகரத்துக்குப் போனான். ஸ்டெஃப்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் கோதுமை விதைத்தாள், அறுத்தாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கடைசி நாட்களில் அம்மா படுக்கையோரச் சுவர்த்தாளை நகத்தால் கிழித்து, உள்ளிருந்த மண்ணைத் தடவிக்கொண்டே கிடந்தாள். அதை அண்ணனிடம் இவள் சொன்னதில்லை.

இப்போது பலகையைக் கழற்றினால் கட்டைகள் கல் மாதிரி இருந்தன. பூச்சுதான் பாதி உதிர்ந்திருந்தது. குழி வெட்டி, அதில் மண்ணும் வைக்கோலும் குதிரைச் சாணமும் போட்டு மிதித்துப் பூசினாள். காய்ந்ததும் வெடித்தது. மறுபடி பூசினாள். மறுபடியும் வெடித்தது.

பக்கத்துப் பண்ணை ஓலெனா வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏண்டி, அம்மா மூடி வெச்சத நீ ஊருக்குத் தொறந்து காட்டறியா? மெட்ரோ கொதிச்சுப்போய் இருக்கானாம்."

"கொதிக்கட்டும். அந்தச் சூட்டுல சுவராவது காயும்."

"எங்க காயறது? பாதி மண்ணு உன் முட்டியிலதான் இருக்கு."

"எவ்வளவு மணல் கலந்தா வெடிக்காதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அம்மாகூட மிதிச்சவன் அவன். நான் தொட்டில்ல கெடந்தேன்."

"அப்ப அவனையே கேளு. பத்து நாள்ல உறைபனி வந்துரும். பூசாம விட்டா கட்டைக்குள்ள தண்ணி எறங்கும். ஈரத்தோட விட்டா மொத்தமும் பொளந்துக்கும்."

"அவன் எங்கிட்டப் பேச மாட்டான்டி."

"நீ மட்டும் பேசினியாக்கும்!"

ஓலெனா போனபின் ஸ்டெஃப்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். பொத்தான்களில் களிமண் ஒட்டிக்கொண்டது. முதலில் மணலைப் பற்றிக் கேட்பதா, அம்மாவின் நகத்தைப் பற்றிச் சொல்வதா என்று அவளுக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. மறுமுனையில் மணி அடித்தது. குழியிலிருந்த சேறு ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்தாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.