மைக்குக்குச் சொல்லாத சேதி

ஐம்பத்தொரு வயதில் பாதியைப் பேருந்து நிலைய அறிவிப்பு அறையில் கழித்த பெண்மணி அவர். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எது தாமதம் என்று ஊருக்கே சொல்கிற குரல். வீட்டில் அவரை 'மைக்கு' என்பார்கள்.

அப்படிப்பட்டவரிடம் வார்டு நர்ஸ் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். உள்ளே படுத்திருப்பது மைக்கின் அண்ணன். தையல்காரர், கல்யாணம் ஆகாதவர், தங்கை வீட்டு மாடியிலேயே குடியிருப்பவர். கழுத்தில் கட்டி. பரிசோதனை முடிவு காலையில் வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்றுதான் மைக்குக்குத் தெரியவில்லை.

"நான் அவரு கூடப்பிறந்தவம்மா."

"தெரியும்க்கா. வீட்ல யாருக்கும் சொல்ல வேணாம்னு அவரேதான் சொன்னாரு. அவரு சரின்னா மட்டும்தான் நான் சொல்லலாம்."

தங்கைக்கே உரிமை இல்லையா என்று பொருமிக்கொண்டு மைக்கு கட்டிலருகே போனார். அண்ணன் சாவகாசமாகக் காரணத்தைச் சொன்னார். மருத்துவமனையில் சேர்த்த அன்றே மைக்கு சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டிருந்தார். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில், பார்வை நேரம் நான்கு முதல் ஆறு வரை. தொழில் பழக்கத்தில் எல்லாவற்றையும் இரண்டிரண்டு தடவை. என்ன நோய் என்றே தெரியாத நிலையில் ஒரு பட்டாளமே வந்து அழுதுவிட்டுப் போனது. பெரியப்பா மகன் கடைசி ஆசை ஏதாவது உண்டா என்றே கேட்டுவிட்டான்.

"வந்தவங்களைத் தேத்தி அனுப்பவே எனக்குத் தெம்பில்ல, மைக்கு."

மைக்கின் முகம் சுண்டிப்போனது. ஒத்தாசை செய்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தார். "எனக்கு மட்டுமாவது தெரியணும்ணே" என்று மெல்லக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி போனில் வந்து, முடிவு வந்துவிட்டதா என்று விசாரித்தாள்.

"வந்துருச்சு சித்தி. அது அண்ணன் விஷயம். அவருக்குத் தோணுறப்ப அவரே சொல்லுவாரு."

சித்தி விடுவதாக இல்லை. மைக்கு போனை அணைத்துப் பைக்குள் போட்டார். அண்ணன் நர்ஸைக் கூப்பிட்டார்.

"இவகிட்ட சொல்லலாம் சிஸ்டர். இவகிட்ட மட்டும்."

டாக்டர் வந்து விளக்கினார். புற்றுநோய்தான், ஆரம்பக் கட்டம், வெட்டி எடுத்துவிடலாம். மைக்கு அண்ணனின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை. அன்று பேருந்து நிலையத்தில் வேறொருவர் அறிவிப்பார். சொந்த வேலை என்று மட்டும் சொல்லி மைக்கு லீவு எடுத்திருக்கிறார்.